வால் தேயாத சேதி

இங்கே காலையில் ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் நான் செய்யும் முதல் வேலை, என் கையை என் வேலையிடமிருந்து ஒளித்துவைப்பது. கையுறை மாட்டி, மேசையைத் துடைத்து, சிறு குழாய்களைப் பனிக்கட்டியில் நட்டுவைத்த பிறகுதான் மற்றதெல்லாம். வடக்கு ஜெர்மனியின் இந்த ஊருக்கு வந்த முதல் வாரம், பக்கத்து மேசைக்காரி ஆன்கே என் வெறுங்கையைப் பார்த்துப் பதறி, "அந்தக் கையால் தொடாதே, எல்லாம் கெட்டுவிடும்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. மலையிலிருந்து இறங்கிப் படிக்கப்போன சேந்தமங்கலத்து விடுதியில், 'மலைக்காரி தள்ளி நில்லு' என்ற முகங்கள் நினைவுக்கு வந்தன. அன்று முழுக்க அவளோடு பேசவில்லை. மறுநாள்தான் விளங்கியது: ஆர்.என்.ஏ.வைச் சிதைத்துவிடும் நொதி எல்லார் தோலிலும் இருக்கிறது. தன் கையைப் பற்றியும் அவள் அதையேதான் சொல்வாள்.

அதென்ன ஆர்.என்.ஏ. என்று ஊரில் கேட்கிறார்கள். நம் செல்லுக்குள் இருக்கும் மரபணு, பெட்டியில் பூட்டிய மூலப் பத்திரம் மாதிரி, வெளியே வராது. வேண்டியபோது அதிலிருந்து ஒரு நகல் எடுத்து அனுப்பப்படும். அதைப் படித்துச் செல் தனக்கு வேண்டிய புரதத்தைச் செய்துகொள்ளும். அந்த நகல் எப்படிப் பிறக்கிறது என்பதல்ல என் படிப்பு. எப்படி அழிகிறது என்பது. நகலுக்கு நீண்ட வால் ஒன்று உண்டு. நொதிகள் அதைக் கொறித்துக் கொறித்துக் குட்டையாக்கும். வால் தேய்ந்ததும் நகலும் தீர்ந்துவிடும். சிலவற்றுக்கு ஆயுள் சில நிமிடம், சிலவற்றுக்குச் சில நாள். காயம் பட்ட இடத்தில் 'வீங்கு' என்று சேதி சொல்லும் நகல் சீக்கிரம் அழிய வேண்டும். அழியாவிட்டால் காயம் ஆறியும் வீக்கம் நிற்காது. உடம்பு தன்னையே கடிக்கத் தொடங்கும். சொல்வது பாதி வேலைதான். சொன்னதை நேரத்தில் அழிப்பது மீதி. இதை நான் மேடையேறி ஆங்கிலத்தில் விளக்கிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் முதன்முதலில் எழுத்துக் கூட்டியவள் நான். ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது அப்பாவுக்கு மஞ்சள்காமாலை. மருத்துவர் எழுதிய சீட்டை நான்தான் படித்தேன்: "கறி திங்கக் கூடாதுப்பா." பிறகு விடுதிக்குப் போய்விட்டேன். அடுத்த பொங்கலுக்கு வந்தால், எல்லார் தட்டிலும் கோழிக்கறி, அப்பாவுக்கு மட்டும் ரசம்.

"ஏம்ப்பா?"

"நீதான சாமி கூடாதுன்னு படிச்சே? கூடும்னு இன்னும் படிக்கலையே."

வீடே சிரித்தது. கூரைச் சந்தில் செருகியிருந்த சீட்டை எடுத்துப் பார்த்தேன். 'ஒரு மாதம்' என்று ஓரத்தில் எழுதியிருந்தது. முன்பு அதை நான் கவனிக்கவில்லை. அன்றும் அதைச் சொல்லவில்லை. "இன்னையிலருந்து திங்கலாம்ப்பா" என்று ஏதோ மருத்துவர் போல உத்தரவு கொடுத்தேன். பெருமையாக இருந்தது.

போன மார்கழியில் ஆய்வுக்குழுக் கூட்டத்தின் நடுவே அம்மா கூப்பிட்டாள். அவசரத்தில் கைபட்டு ஒலிபெருக்கி திறந்துகொண்டது. முன்பெல்லாம் பாறைமேல் ஏறினால்தான் எங்கள் ஊரில் சிக்னல் கிடைக்கும்; இப்போது வீட்டுக்கே வந்துவிட்டது, ஆனாலும் அங்கே காற்றை மீறிக் கத்திய பழக்கம் போகவில்லை. "கண்ணூ! குச்சிக்கிழங்குக் காட்ட பன்னி ஒழப்பிப் போட்டுருச்சு!" அறை முழுக்க அம்மா. துண்டித்தேன். "ஏதாவது சண்டையா?" என்று ஆன்கே அக்கறையோடு கேட்டாள். "தெரியாதவர்கள். தவறான எண்" என்றேன்.

அன்று மாலை நானே வீட்டுக்குக் கூப்பிட்டுச் சொன்னேன்: "அம்மா, எனக்குப் பெரிய பரீட்சை வருது. நீங்க கூப்பிடாதீங்க, ஞாயித்துக்கெழம நானே கூப்பிடறேன். ஊட்டுச் சேதி எதுவும் சொல்ல வேண்டாம், மனசு ஓடிரும். நல்லா இருக்கோம்னு மட்டும் சொல்லுங்க."

"சரி சாமி."

பரீட்சை தையில் முடிந்தது. ஞாயிறுதோறும் வீடியோவில் கூப்பிட்டேன். "நல்லா இருக்கோம் சாமி." பங்குனி வாக்கிலிருந்து அப்பா எப்போதும் கட்டிலிலேயே, காலில் போர்வையோடு இருந்தார். மலைக்குளிர் என்று நினைத்துக்கொண்டேன். ஆனியில் ஒருநாள், பலா காய்த்திருக்கிறதா, வெளியே போய்க் காட்டுங்கள் என்றேன். அப்பா அசையவில்லை. அம்மா போனை வாங்கித் திரும்பியபோது, சுவரோரம் நான்கு கால் ஊன்றுகோல் ஒன்று தெரிந்தது.

"அது யாருதும்மா?"

"அப்பாவுதுதான். மாசில மொளகு பறிக்கறப்போ ஏணி வழுக்கிருச்சு. இடுப்பெலும்பு. கீழ நாமக்கல்லுல பிளேட்டு வெச்சாங்க."

"ஏம்மா சொல்லல?"

அம்மா என்னை விசித்திரமாகப் பார்த்தாள். குறை சொல்லும் பார்வையல்ல அது. "நீதான சாமி சொல்ல வேண்டாம்னே? சொல்லுங்கன்னு இன்னும் சொல்லலையே."

பின்னாலிருந்து அப்பாவின் குரல்: "இவ சொல்லாம நான் கறியே திங்கல. இடுப்பு எம்மாத்தரம்!" அவரே சிரித்தார்.

மறுநாள் என் வீங்கிய கண்ணைப் பார்த்து ஆன்கே விசாரித்தாள். அப்பா விழுந்ததையும், நான் சொன்னதால் மறைத்ததையும் சொன்னேன். "என் அம்மா நூறு முறை சொன்னாலும் கேட்கமாட்டாள். உன் விருப்பத்தை எப்படி மதித்திருக்கிறார்கள், பார்" என்றாள். இது அந்த மதிப்பில்லை. அந்த வீட்டில் என் சொல்லுக்கு மேல் சொல் இல்லாதபடி வைத்திருந்தவள் நான். ஊன்றுகோலோடு அவர் எழுந்து நிற்கப் பழகிய மாதங்களில், சேதி எப்படி அழிகிறது என்று நான் படம் வரைந்துகொண்டிருந்தேன். 'பரீட்சைக்காக' என்றதும் பொய். அம்மாவின் சத்தத்துக்காகத்தான். இதை அவர்களிடம் இன்னும் சொல்லவில்லை. முதலில் இங்கே எழுதுகிறேன், அவர்களால் படிக்க முடியாது என்று தெரிந்தே.

அடுத்த ஞாயிறு சொன்னேன்: "இனிமே எல்லாத்தையும் சொல்லுங்கம்மா. எப்ப வேணா கூப்பிடுங்க."

"சரி சாமி," என்றாள். பிறகு கேட்டாள்: "எத்தன நாளைக்கு?"

இப்போது அம்மா கூப்பிடுகிறாள், வேலை நேரம் பார்ப்பதில்லை. கதவை முதுகால் தள்ளிப் பிடித்துக்கொண்டு, பாதி உடம்பு ஆய்வகத்திலும் பாதி நடைபாதையிலுமாக நிற்கிறேன். கையுறை போட்ட இடக்கையில் பனிக்கட்டித் தட்டு. கழற்றிய வலக்கையில் போன். "கண்ணூ! அப்பா இன்னைக்கு ரோடு வரைக்கும் நடந்துட்டாரு!" மேசைகளிலிருந்து தலைகள் திரும்புகின்றன. என் கட்டைவிரல், யாரும் சொல்லாமலே, ஒலியைக் குறைக்கும் பொத்தானுக்குப் போகிறது.