நட்சத்திரங்களை அளந்து முடிக்கட்டும்

அத்தையின் கல்யாணம் என்னால்தான் நின்றது என்று பல வருடம் பயந்துகொண்டிருந்தேன். எதற்கும் பயப்படுகிறவள்தான் நான். ஆனால் இந்த விஷயத்தில் அப்பாவை நினைத்தால் பயத்தை முந்திக்கொண்டு எரிச்சல்தான் வருகிறது, இன்றைக்கும்.

அப்போது மலேசியாவில், பத்து காஜா என்ற ஊர்ப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். கல்யாணத்துக்குத் தேதி குறிக்க சிலிம் ரிவரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. பத்துப் பொருத்தத்தில் எட்டு பொருந்தியதில் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அவர்கள் வருவதற்கு முந்தைய ஞாயிறு மத்தியானம் அத்தை ரேடியோவைச் சத்தமாக வைத்து, என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். இரண்டு விஞ்ஞானிகள் பேசிக்கொண்டிருந்தார்கள். செயற்கைக்கோள் ஒன்றை அனுப்பி நட்சத்திரங்களுக்கு வரைபடம் போடப்போகிறார்களாம். தரையிலிருந்து பார்த்தால் காற்றின் நடுக்கத்தில் அளவு சற்றுப் பிசகிவிடும் என்றார் ஒருவர். அப்படியானால் இதுவரை போட்ட படமெல்லாம் தப்பா என்று மற்றவர் கேட்டார். தப்பென்று இல்லை, திருத்த வேண்டியது என்று முதலாமவர் இழுத்தார்.

“இத அப்பாகிட்ட அப்படியே சொல்லு. நான் சொன்னா கோவிச்சுக்குவாரு,” என்றாள் அத்தை.

சொன்னேன். பயத்தில் அந்தச் ‘சற்று’ மட்டும் விட்டுப்போயிற்று. அப்பா சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோய் ஜாதகங்களைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். கோயில் பூசாரி வந்து ஒரு மணி நேரம் விளக்கினார். படித்தவன் ரேடியோவில் வந்து பொய் சொல்வானா என்று அவரையே திருப்பிக் கேட்டார் அப்பா.

மாப்பிள்ளை வீட்டார் வாடகைக் காரில் வந்து இறங்கினார்கள். நட்சத்திரங்களை அளந்து முடிக்கட்டும், அப்புறம் தேதி பார்க்கலாம் என்று அப்பா அவர்களிடமும் சொன்னார். மாப்பிள்ளையின் தகப்பனார் பொறுமைசாலி.

“அந்த சட்டலைட் எப்பண்ணே கீழ எறங்கும்?”

“இன்னும் மேலயே ஏறல லா,” என்றார் அப்பா.

தேநீரைக்கூடத் தொடாமல் எழுந்து போய்விட்டார்கள்.

நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அத்தை வந்து என் கண்ணைத் துடைத்து, வந்தவர்களுக்குக் கிண்டிய கேசரியைச் சட்டியோடு முன்னால் வைத்தாள். என்னைவிட அவள்தான் அதிகம் தின்றாள். மனசு உடைந்தவள் இப்படித் தின்றால் வயிற்றுக்கு என்ன ஆகுமோ என்று அதற்கும் சேர்த்துக் கவலைப்பட்டேன்.

ஆறாம் ஆண்டோடு படிப்பை விட்டவள் நான். செயற்கைக்கோள் சமாச்சாரம் புரியாமல் போனதில் ஆச்சரியமில்லை. ஆனால், சினிமாப் பாட்டு முடிந்ததுமே ரேடியோவை அணைத்துவிடும் அத்தை, அந்த ஞாயிறு மட்டும் ஏன் அணைக்கவில்லை என்றுகூட எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.