என் கன்னத்துச் சிவப்பும் ஆளாளுக்கு ஒரு சந்தேகமும்

அணிவகுப்பில் நிற்கும்போதுதான் முதலில் முகம் எரிந்தது. இரு கன்னங்களும் மூக்கும் சிவந்து தடித்திருந்தன. வெயில் என்று நினைத்தேன். பின்னர் காய்ச்சலும் மூட்டுவலியும் வந்தன. துவக்கை (துப்பாக்கியை) பிடிக்க விரல்கள் மடங்கவில்லை.

நான் வடக்கில் உள்ள உடுவில் ஊரைச் சேர்ந்தவள். பெரும்பாலும் சிங்களவர்களே உள்ள இராணுவத்தின் பெண்கள் பிரிவில் சேர்ந்த தமிழ்ப் பெண்களில் ஒருத்தி. பயிற்சியைத் தவிர்க்க நோய் என்று நான் கள்ளமடிக்கிறேன் என்றார் எங்கள் சார்ஜன்ட். அவரும் பெண்தான். தமிழ்ப் பிள்ளை என்பதால் அப்படிச் சொல்கிறாரோ என்று எனக்குள் ஓடியது.

விடுப்பில் வீட்டுக்குப் போனபோது தலைமுடி கொத்தாகக் கொட்டியிருந்தது. என் அண்ணை போர்க்காலத்தில் இராணுவம் கூட்டிப்போய்த் திரும்பாதவர். நான் சேர்ந்ததிலிருந்து அம்மா என்னுடன் அதிகம் கதைப்பதில்லை. அன்று கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்.

“உண்மையைச் சொல்லு பிள்ளை. அங்கை உன்னை ஆரும் என்னவும் செய்தவையோ?”

“ஒருத்தரும் ஒண்டும் செய்யேல்லை அம்மா.”

“சாப்பாட்டிலை ஏதும் கலந்தவையோ?”

இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. காய்ச்சலுக்கும் வலிக்கும் முகாமில் தந்த குளிசைகளை (மாத்திரைகளை) எடுத்து ஒளித்துவைத்தார். அவற்றை விழுங்க எனக்கும் துணிவு வரவில்லை.

கால்கள் வீங்கின. சிறுநீர் நுரைத்தது. அம்மாதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். பரிசோதனை முடிவுகளைப் பார்த்த பெண் மருத்துவர், இது லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தி அந்த உடலையே தாக்கும் நோய்) என்றார். சிறுநீரகத்தையும் தொட்டுவிட்டது.

“காக்க வேண்டிய படை சொந்த ஆக்களையே அடிக்கிற மாதிரி...” என்று தொடங்கியவர், என் வேலையை நினைத்தாரோ என்னவோ, நிறுத்திக்கொண்டார்.

அம்மா விடவில்லை. “ஆர் குடுத்த வருத்தம் (நோய்) டொக்டர் இது?”

“ஒருத்தரும் குடுக்கேல்லை அம்மா. இளம் பொம்பிளையளுக்குத்தான் கூடுதலா வாறது. வெயில் பட்டால் கடுமையாகும்.”

வெளியே விறாந்தையில் அம்மா அழுதார். குற்றம்சாட்ட ஆளில்லாதது அவருக்கு ஆறுதலாக இருக்கவில்லை.

ஸ்டீரொய்ட் (அழற்சியை அடக்கும் மருந்து) என் முகத்தையும் வயிற்றையும் ஊதவைத்தது. மருதனார்மடச் சந்தையில் ஒரு பெண் என்னைப் பார்த்துவிட்டு, “மகளுக்கு எத்தினை மாதம்?” என்று அம்மாவிடம் கேட்டாள்.

“வருத்தக்காரப் பிள்ளை. ஆமியிலை இருக்கிறாள்” என்றார் அம்மா. அதுவரை அவர் அதை வெளியில் சொன்னதில்லை.

சிறுநீரகம் மெல்லத் தேறியது. வெயில் படாத தொலைத்தொடர்பு அறையில் எனக்கு வேலை தந்தார்கள். மருந்து குடித்தாயா என்று சார்ஜன்ட் இப்போது கேட்கிறார். அக்கறையா, கண்காணிப்பா என்று தெரியவில்லை. ஓம் என்று மட்டும் சொல்கிறேன்.

இதே நோயோடு இதை வாசிப்பவர்களே, யாரைச் சந்தேகித்தாலும் மருந்தை நிறுத்தாதீர்கள். வலியில்லாத விடியலை நான் இன்னும் உடனே நம்புவதில்லை. படுத்தபடியே ஒவ்வொரு மூட்டாக அசைத்துப் பார்க்கிறேன். கணுக்காலை அழுத்தி, வீக்கத்தால் குழி விழுகிறதா என்று பார்த்த பிறகே எழும்புகிறேன். அடுத்த கிளினிக் வரைக்கும்தான் எதையும் யோசிக்கிறேன். அதற்கப்பால் உள்ள காலம் வேறு யாருக்கோ உரியதுபோல் இருக்கிறது.