கழுவி வைத்த மூடிகள்

“நிறுத்துங்க சித்தப்பா, நிறுத்துங்க!”

அவர் நிறுத்தும் கம்பியை இழுப்பதற்குள் டிராக்டர் தானே நின்றுவிட்டது. அதன் அடிவயிற்றில் யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல் நாலைந்து சத்தம், ஒரு கிறீச், அப்புறம் ஒன்றுமில்லை. கடைசிப் புகை கொட்டகையின் தகரக் கூரையில் முட்டிக் கலைந்தது.

அண்ணன் மகள் முன்னால் ஓடி, கைப்பிடியைச் செருகிச் சுற்றப் பார்த்தாள். எஞ்சின் இறுகிவிட்டிருந்தது. போன் கடையில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் அவள் வாங்கிய முதல் வண்டி இது. வண்டிக்கு அவளைப் போல இரண்டு பங்கு வயது. ஓட்டிக் காட்டினால் வைத்துக்கொள்ளலாம், ஓடாவிட்டால் பழைய இரும்புக்காரனுக்குத்தான் என்று அவள் அப்பா சொல்லியிருந்தார். ஓட்டம் பார்க்கவே அவரும் வந்து நின்றிருந்தார்.

“ஆயில் ஊத்தினியா?” என்றார் அண்ணன்.

“ஊத்தினேம்ப்பா.”

“அளவு பார்த்தியா?”

“பார்த்தேன்னுதான் நினைக்கிறேன்.”

“நினைக்கிறாளாம்! இவ்வளவு பெரிய மெக்கானிக்கைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு நினைக்கிறா. ஏண்டா, நீயாவது பார்த்திருக்கக் கூடாதா?”

சித்தப்பா கையைத் துணியில் துடைத்தார். துடைக்கும்படி கையில் ஒன்றும் இல்லை.

“சின்னப் பொண்ணு. அவசரம்” என்றார்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே கேட்டது.

சொந்தக்காரர்கள் நடுவே அவருக்கு ‘எஞ்சின்’ என்று பெயர். அண்ணன் கல்யாணத்துக்குப் போகும் வழியில் பஸ் நின்றுபோனது. இறங்கிப் போய் டிரைவர் பக்கத்தில் நின்றவர், சும்மா இருக்க முடியாமல் எதையோ ஒரு தட்டுத் தட்டினார். வண்டி கிளம்பிவிட்டது. டிரைவர் அதற்கு முன்பே அடைப்பை எடுத்துவிட்டிருந்தான். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் தட்டியவரைத்தான் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் தம்பி பஸ் டெப்போவில் மெக்கானிக்காம் என்று பெண் வீட்டார் பேசிக்கொண்டார்கள். அண்ணனுக்கு அன்று முகம் கொள்ளாத பெருமை. அதைக் கெடுப்பானேன் என்று இவர் இருந்துவிட்டார். அப்படியே ஓய்வு பெறும் வரைக்கும் இருந்துவிட்டார்.

டெப்போவில் அவர் பஸ் கழுவினார். அதை அவரைப்போல் யாரும் செய்ததில்லை. சக்கரக் குழிக்குள் படுத்து, காய்ந்த சேற்றை விரலால் சுரண்டி எடுப்பார். மனைவிக்கு மட்டும் விஷயம் தெரியும். துணி துவைக்கிறவளிடம் எதை மறைப்பது? “சட்டையில சோப்பு வாசனை அடிக்கிற மெக்கானிக்கை உலகத்துலயே நான் ஒருத்திதான் கட்டியிருக்கேன்” என்பாள்.

டிராக்டர் எஞ்சினைப் பிரித்துச் சரிபண்ண அண்ணன் மகள் வந்து கூப்பிட்டபோது முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அவளோ புத்தகம் பார்த்து, படம் பார்த்து, பாதிக்குமேல் தானே கழற்றினாள். இவர் “ம், அப்படித்தான்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிஸ்டன் ராடுகளின் அடியில், சுழலும் கிராங்குத் தண்டைக் கவ்விப் பிடிக்கும் மூடிகளைக் கழற்றியபோது, எது எந்த ராடுக்கு என்று ஸ்கெட்ச் பேனாவால் எண் போட்டுவைத்தாள்.

மறுநாள் அவள் கடைக்குப் போயிருந்த நேரம், நம்மால் ஆனதைச் செய்வோம் என்று அவர் பெட்ரோலும் பல் பிரஷ்ஷும் எடுத்து உட்கார்ந்தார். அந்த வேலையில் அவர் பொய்யில்லை. மூடிகள் புதுப் பாத்திரம் மாதிரி பளபளத்தன. வெயிலில் காயவைக்கும்போதுதான் பார்த்தார்: அழுக்கோடு எண்களும் போயிருந்தன.

ஒரு ராடின் மூடி இன்னொன்றுக்குச் சேராது என்று டெப்போவில் ஃபிட்டர்கள் கத்திச் சண்டை போட்டது அவர் காதில் விழுந்திருக்கிறது. அந்த அளவுக்கு அவருக்குத் தெரியும். எது எதனுடையது என்று கண்டுபிடிக்கத் தெரியாது. சாக்கு விரித்து, ராடுகளுக்குப் பக்கத்தில் குத்துமதிப்பாக வைத்தார்.

“எவ்வளவு சுத்தம் சித்தப்பா! வரிசை மாறலையே?” என்று அவள் கேட்டாள்.

“எனக்குத் தெரியாதாம்மா?” என்றார்.

வைத்த வரிசையிலேயே அவள் மாட்டினாள்.

இப்போது அவள் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தாள். அளவு சரியாக இருந்தது. ஆயிலை வடித்து, அடித்தட்டைக் கழற்றி, வண்டிக்கடியில் படுத்தாள். அவர் விளக்கைப் பிடித்தார்.

“நேராப் பிடிங்க சித்தப்பா.”

ஒரு மூடி நீலம் பாரித்து, கிராங்கோடு ஒட்டிக்கிடந்தது.

“இது இந்த ராடோடது இல்ல. கழட்டும்போது நான் மாத்தி எழுதியிருக்கேன்.” வெளியே வந்து தரையிலேயே உட்கார்ந்தாள். “அப்பா, அந்த இரும்புக்காரனை வரச்சொல்லுங்க. எனக்கு இது வராது.”

“நாளைக்கே வரச்சொல்றேன்” என்றார் அண்ணன்.

“அவ சரியாத்தான் எழுதினா” என்றார் சித்தப்பா. “நான் கழுவினேன். அழிஞ்சு போச்சு.”

“மெக்கானிக்கு நீ, உனக்கு எழுத்து எதுக்குடா?”

“நான் மெக்கானிக் இல்லண்ணே. டெப்போவுல பஸ் கழுவினேன்.”

அண்ணன் சிரித்தார். தம்பி சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினார்.

“அப்ப என் கல்யாணத்துல?”

“டிரைவர் ஏற்கெனவே சரி பண்ணிட்டான்.”

“இத்தனை வருஷமா நான் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேனேடா.” அண்ணன் கூரையைப் பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

அண்ணன் மகள் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தாள்.

“பஸ் கழுவினா என்ன சித்தப்பா? தெரியலன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா லேத் கடையில குடுத்து அளந்திருப்பேன். என்னைச் சின்னப் பொண்ணுன்னு சொன்னீங்களே. அதுவும் தெரிஞ்சேதானே சொன்னீங்க?” என்றாள்.

அவர் விளக்கை அணைத்து ஆணியில் மாட்டிவிட்டு நடந்தார்.

மறுநாள் காலையில் பழைய இரும்புக்காரன் வந்தான். வேண்டாம் என்று அண்ணன் திருப்பி அனுப்பினார். லேத் கடைக்காரர் வந்து பார்த்தார். கிராங்கைக் கடைந்துகொள்ளலாம், ஒரு ராடு மட்டும் வேறு தேட வேண்டும் என்றார். அண்ணன் மகள் கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அவரோடு போனாள். மதியம் சித்தப்பா வந்தபோது கொட்டகை பூட்டியிருந்தது. அண்ணி தண்ணீர் கொடுத்தாள். சாப்பிட்டுப் போகச் சொன்னாள். வீட்டில் ஆகிவிட்டது என்றார். ஆகியிருக்கவில்லை.