கொம்புப்பல்லிக்கு மாப்பிள்ளை

வாடிக்கையாளர் சேவை என்பது ஊரார் கோபத்தைக் காதில் மாட்டிக்கொண்டு நடக்கும் வேலை. உட்கார்ந்து பேச முடியாமல் வீட்டையே சுற்றிச் சுற்றி வரும் சக பாவிகளுக்கு நான் சொல்வது புரியும். மான்ஸ்டர்களை வளர்த்து, ஜோடி சேர்த்து, குஞ்சு பொரிக்கவைத்து, சண்டைக்கு விடும் ஒரு செல்போன் விளையாட்டுக்கு நல்லம்பள்ளியில் வீட்டிலிருந்தே தமிழில் பதில் சொல்கிறேன். அதே வீட்டில்தான் அம்மா, தன் தம்பிக்கே என்னைக் கட்டிவைப்பதென்று வெள்ளிக்கிழமை பூ வைக்க நாள் குறித்திருந்தாள். எனக்கு விருப்பமில்லை. அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

பாதி வழியில் சண்டை

சித்தேரி மலையிலிருந்து ஒரு அக்கா கூப்பிட்டார். மலை பஸ்ஸில் ஏறினால் சிக்னல் போய்விடுகிறது, உடனே தன் மான்ஸ்டர் தோற்றதாக வருகிறது என்று புகார். பாதியில் விட்டுப்போனால் தோல்விதான், அதுதான் விதி என்றேன்.

"கை காட்டினா மலை பஸ்ஸே நிக்குதுங்க, உங்க சண்டை நிக்காதுங்களா?"

அசலில் கொடுப்பதா

மாதப்பன் பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருப்பவர். விளையாட்டில் அவர் வளர்க்கும் மான்ஸ்டர், ஒரு பெண் கொம்புப்பல்லி, ஜோடி சேர மாட்டேன் என்கிறதாம். அவருடைய கணக்கை எடுத்துப் பார்த்தேன். அவர் பிடித்து வைத்திருந்த ஆண், அந்தப் பெண்ணின் தாயோடு பிறந்தது. நெருங்கிய ரத்த உறவென்றால் விளையாட்டு அனுமதிக்காது. அதைவிடப் பலசாலியான ஆண் பல்லிகள் அவரிடமே இருந்தன. முறை என்று ஒன்று இருக்கிறதே என்று வேண்டுமென்றேதான் ஒதுக்கியிருக்கிறார். வேறு குடும்பத்தில் பாருங்கள் என்றதும் மனுஷன் நொந்துபோனார்.

"தாய்மாமன் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்போ அசல்ல குடுக்கறதுங்களா? அப்புறம் அவன் மூஞ்சியில நான் எப்படிங்க முழிக்கறது?"

ஸ்கிரிப்ட்

மாதப்பன் தினமும் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். வியாழக்கிழமையும் வந்துவிட்டது, பூ வைக்க ஒரு நாள்தான் பாக்கி. கூடத்துக்கும் கொல்லைக்கும் நடையாய் நடந்தேன். பெங்களூரில் இருக்கும் என் டீம் லீடர் கவிதாவிடம் புலம்பினேன். அவளுக்கு என் வீட்டு விஷயமும் தெரியும். சொந்தத்தில் சேர்த்தால் குஞ்சு பலவீனமாகப் பிறக்கும், அதனால்தான் விளையாட்டு அனுமதிக்காது என்று கறாராகச் சொல்லிவிடு, கம்பெனி எழுதித் தந்த ஸ்கிரிப்டிலேயே அந்தப் பதில் இருக்கிறது என்றாள். சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை என்றேன்.

"பல்லிக்குச் சொல்ல ஸ்கிரிப்ட் இருக்கு. உங்கம்மாவுக்குச் சொல்ல நான் ஒண்ணு எழுதித் தரட்டுமா?"

வெள்ளிக்கிழமை

காலையிலேயே மாமா வந்துவிட்டார். அம்மா அவருக்குக் காபி கொடுத்துவிட்டு, பூவைத் தொடுத்துக்கொண்டே மாதப்பனின் பல்லிக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றைக்குச் சமையலறை ஜன்னல் ஓரம்தான் டவர் எடுத்தது. அங்கே நின்று பேசினால் கூடத்தில் எல்லாம் கேட்கும். அந்த நேரம் பார்த்து மாதப்பன் கூப்பிட்டார். மாமனை எப்படியாவது சேர்த்துவையுங்கள் என்று மறுபடி ஆரம்பித்தார். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, "எந்த மாமனா இருந்தாலும் வேண்டாங்க, பொண்ணுக்குப் பிடிக்கணுமில்லீங்களா" என்று கத்தியேவிட்டேன். விளையாட்டில் அப்படியொரு விதியே கிடையாது.

லைன் கட்டானது. கூடத்தை எட்டிப் பார்த்தால் அம்மா பூவும் கையுமாக என்னை முறைத்துக்கொண்டிருந்தாள். மாமாவின் முகம் சுருங்கிப்போயிருந்தது. பார்க்கப் பாவமாக இருந்தது. அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"அக்கா, அந்தப் பூவ சாமிக்குப் போட்டுரு. அவ பல்லிக்காகப் பேசல."

அன்றைய சேவைக்கு மாதப்பன் எனக்கு ஒரே ஒரு நட்சத்திரம்தான் போட்டார். இந்த வேலையில் சேர்ந்ததிலிருந்து நான் உருப்படியாகப் பேசிய ஒரே அழைப்பு அதுதான்.