கிரேக்கத் தீவுக்கு டிக்கெட் போட வந்தவர்கள்

பயண முகவர் வேலையில் டிக்கெட் போடப் பத்து நிமிடம் போதும். டிக்கெட் போட வந்தவரின் வீட்டாரைச் சம்மதிக்க வைக்கத்தான் பத்து நாள் வேண்டும்.

புலம்பெயர்ந்து வந்த எங்கள் ஆட்கள் நிறைந்த பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில், ஒரு சேலைக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். முன்பெல்லாம் கொழும்பு, சென்னை, லண்டன் என்றுதான் கேட்பார்கள். இப்போது பிள்ளைகள் போனில் வெள்ளை வீட்டையும் நீலக் கடலையும் காட்டிவிடுகிறார்கள். பெற்றோர் மூச்சிரைக்கப் படியேறி வந்து, "கிரீஸிலை ஒரு தீவு" என்கிறார்கள். என்னைப் போல மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து டிக்கெட் போட்டுப் பிழைப்பவர்களுக்கு, மிச்சம் நான் சொல்லாமலே விளங்கும்.

பிளக்

கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் இருந்து வந்த சுகந்தி அக்காவுக்கு மூன்று ஹோட்டல்கள் காட்டினேன். கடல் எவ்வளவு கிட்ட என்று அவர் கேட்கவில்லை. "கரண்ட் பிளக் எங்கடை மாதிரியோ?" என்று மட்டும் கேட்டார். விசாரித்தால், ரைஸ் குக்கர் கொண்டுபோகும் திட்டம். கூடவே மரக்கறி மட்டும் சாப்பிடும் அப்பாவும் போகிறார்.

அங்கே மின்சாரம் இங்கத்தையைவிட இரண்டு மடங்கு, குக்கர் கருகிவிடும் என்றேன். கத்தரிக்காய், பயறு, பாண் எல்லாம் நன்றாகக் கிடைக்கும் என்றும் சொன்னேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, போனைக் கையில் எடுத்தபடி என்னிடம் சொன்னார்: "லண்டன்லை இருந்து தங்கச்சியும் வாறாள். அங்கையும் அதே கரண்ட்தானே, குக்கரை அவள் கொண்டு வரட்டும். சோறு இல்லாட்டி அப்பா கடலைத் திரும்பியும் பாக்கமாட்டார்."

முன்வாசல்

லாசால் பகுதியில் இருந்து ஒரு தம்பதி வந்தார்கள். திருமணமாகி இருபத்தைந்து வருடம். சாந்தோரினிக்குப் போக வேண்டும். கணவர் சமையலறையோடு சின்ன வீடாகப் பார்க்கச் சொன்னார். "நாங்களே சமைச்சு, நாங்களே கூட்டிப் பெருக்கலாம்" என்றார். மனைவி புஷ்பம் அக்கா என் திரையில் இருந்த ஹோட்டல் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மெதுவாகச் சொன்னார்: "இருபது வருசமா ஹோட்டலிலை அறை துப்புரவாக்கிறன். ஒருநாளும் முன்வாசலாலை போனதில்லை." கணவர் என் பக்கம் திரும்பி, "ஹோட்டலே போடுங்கோ" என்றார்.

திரும்பி வந்ததும் அக்கா கடலைப் பற்றி அதிகம் கதைக்கவில்லை. முதல்நாள் காலை பழக்கதோஷத்தில் கட்டில், குளியலறை எல்லாவற்றையும் தானே துப்புரவாக்கி வைத்தாராம். வேலைக்கு வந்த பெண் அதைப் பார்த்துவிட்டு, தன்னில் ஏதும் குறையோ என்று கலங்கிப்போய் நின்றாளாம். "அதுக்குப் பிறகு நான் ஒரு துவாய்கூட மடிக்கேல்லை, பிள்ளை. அவளுக்கும் வேலை வேணுமெல்லே?"

மேல்தட்டு

யோகநாதன் அண்ணையை மகள்தான் கூட்டி வந்தாள். ஏதென்ஸில் இருந்து நாக்ஸஸ் தீவுக்குக் கப்பல், ஐந்து மணித்தியாலம் என்று நான் சொல்லத் தொடங்கியதும் அவர் எழுந்துவிட்டார். "கப்பல் வேண்டாம்." மகள் காரணம் கேட்டாள். அவர் படியிறங்கிப் போய்விட்டார். விமானத்தில் இடம் பார்த்து வைத்தேன்.

அடுத்த நாள் அவர் தனியாக வந்தார். கதவைச் சாத்திவிட்டு என் முன்னால் கதிரையில் இருந்தார். இருபத்திரண்டு வயதில் துருக்கியில் இருந்து கிரீஸுக்கு ஒரு சரக்குக் கப்பலின் அடித்தட்டில் வந்தவராம். மூன்று நாள் அடித்தட்டின் மூடியை யாரும் திறக்கவில்லை. இருட்டு, மூச்சு முட்டும். இறங்கும்போது பக்கத்தில் இருந்த மனிதர் எழும்பவில்லை. "மகளுக்கு இது தெரியாது" என்றார்.  தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். பாதி குடித்தார்.

விமானத்திலேயே போகலாம், இடம் இருக்கிறது என்றேன். தலையசைத்து மறுத்தார்.

"கப்பலிலையே போடு, பிள்ளை. ஆனா மேல்தட்டிலை. அந்தக் கடலாலைதான் வந்தனான், ஒருக்காலும் அதைப் பாக்கேல்லை."

இத்தனை பேருக்குக் கோடை விடுமுறைக்குத் தீவு பார்த்துக் கொடுத்த நான் எனக்கும் இரண்டு கிழமை லீவு கேட்டால், "கோடையிலை ஆராவது விடுமுறை எடுப்பினமோ?" என்று முதலாளி உண்மையாகவே ஆச்சரியப்படுகிறார்.