கல்யாணச் சட்டையில் நுரைத்த சோடா

பேட்டரிக் கடைக்காரருக்கு ஓட்டையில்லாத சட்டை வாய்த்ததே இல்லை. பேட்டரிக்கு ஆசிட் ஊற்றும்போது தெறிக்கிற துளி அப்போது கண்ணுக்குத் தெரியாது. துவைத்துப் பிழிந்த பிறகுதான் ஓட்டையாக இளிக்கும். அதனால் திட்டு முழுக்க மனைவிக்குத்தான். "துணி துவைக்கிறியா, அடிச்சுக் கொல்றியா?"

மகள் கல்யாணத்தன்று காலையில், வண்டி கிளம்பவில்லை என்று யாரோ கெஞ்ச, மனிதர் புதுச் சட்டையோடே கடைக்குப் போய் பேட்டரிக்கு ஆசிட் ஊற்றிவிட்டு வந்தார்.

"மேல ஒரு சொட்டுகூடப் படலை."

"பாத்துடலாம், நில்லுங்க."

மனைவி சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துச் சட்டைமேல் தெளித்தாள். ஆசிட் பட்ட இடமெல்லாம் சுர்ரென்று நுரைத்தது. நெஞ்சு, வயிறு, கை என்று ஓர் இடம் பாக்கியில்லை.

அவர் முகம் செத்துவிட்டது. "இத்தனை வருஷமா உன்னையா திட்டினேன்? சரி, சோடா போட்டாச்சுல்ல, சட்டை பிழைச்சிடுமா?"

"சோடா ஆசிட்டை அடக்கும். அது தின்ன நூலைத் துப்ப வைக்குமா?"

வீட்டில் மற்ற சட்டையெல்லாம் சல்லடை. வாசலில் கார் ஹாரன் அடித்தது. அவர் இரண்டு கையையும் விரித்தபடி நின்றார். "இப்ப என்னடி பண்றது?"

"மூச்சை மெதுவா விடுங்க. பொண்ணைக் கட்டிப் பிடிச்சு அழுதுடாதீங்க, டர்ருன்னு கிழிஞ்சிடும்."