ராயபுரத்திலிருந்து எண்ணூருக்கு, ஓர் ஏவுகணைச் செய்தியோடு

போன புதன்கிழமை ராயபுரத்திலிருந்து எண்ணூர் போனேன். என் மகள் கஸ்தூரியின் வீடு அங்கே இருக்கிறது. வழக்கமாகத் தின்பதற்கு ஏதாவது வாங்கிக்கொண்டு போவேன். இந்த முறை ஒரு செய்தியைக் கொண்டு போனேன்.

மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி தூக்கியே வயதானவன் நான். முதியோர் வகுப்பில் சேர்ந்து படிக்கக் கற்றது போன வருடம்தான். அதனால் சுவரில் எது ஒட்டியிருந்தாலும் நின்றுவிடுவேன். அன்று காலை துறைமுகச் சுவரில் புதுத் தாள் ஒன்று. வங்கக் கடலில் ஏவுகணைச் சோதனை. வெள்ளி முதல் மூன்று நாள் ஆழ்கடலில் யாரும் இருக்கக் கூடாது. யாரும் சொல்லாமல் நானே படித்துத் தெரிந்துகொண்ட முதல் செய்தி. எவ்வளவு சந்தோஷம்! அது அரை நிமிடம்கூட நிற்கவில்லை. கஸ்தூரியின் கணவர் வேலு சூரை மீனுக்காக ஆழ்கடல் போயிருந்தார். அவ்வளவு தூரத்தில் போன் எடுக்காது. போட்டின் ஓனர் வாக்கி-டாக்கியில் கூப்பிட்டுப் பார்த்தும் பதில் இல்லை. கஸ்தூரிக்கு இது ஏழாம் மாதம். இதைப் போனில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ராயபுரம் ஸ்டேஷனில் எண்ணூருக்கு டிக்கெட் ஐந்து ரூபாய். மின்சார ரயிலில் அரை மணிக்குக் கொஞ்சம் கூட ஆகும். பேப்பர் ஒன்று வாங்கி ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

முதல் வரி முடிவதற்குள் கொருக்குப்பேட்டை வந்துவிட்டது. அணுகுண்டைச் சுமக்கக்கூடிய ஏவுகணையாம். இப்போது குண்டு இல்லாமல் விட்டுப் பார்க்கிறார்கள். தண்டையார்பேட்டை தாண்டும்போது அடுத்த செய்தி: பக்கத்து நாடும் அதே வாரம் தன் கடலில் ஒரு பகுதியை மூடியிருக்கிறது. திருவொற்றியூருக்கும் விம்கோ நகருக்கும் நடுவில் படித்ததுதான் கடினமாக இருந்தது, எழுத்தும் சரி, விஷயமும் சரி. அணுகுண்டை இனி வெடித்துப் பார்ப்பதில்லை என்று உலக நாடுகள் எழுதிய ஒப்பந்தத்தில் நாமும் கையெழுத்துப் போடவில்லை, அவர்களும் போடவில்லை. வெடிக்க மாட்டோம் என்று இருவரும் வாயால் சொன்னதோடு சரி. கத்திவாக்கத்தில் பேப்பரை மடித்துவிட்டேன். வழியெல்லாம் பெயர்ப் பலகைகளைப் படிக்கவும் தவறவில்லை. இப்படி ஒரு செய்தியை வைத்துக்கொண்டு படிப்பதை ரசித்தேனே என்று கூச்சமாக இருந்தது.

எண்ணூர் ஸ்டேஷனிலிருந்து குப்பத்துக்கு ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய்.

“இன்னா நைனா, கடல மூடிட்டாங்களாமே? ராக்கெட்டு பாக்க வந்தியா?” என்றார் டிரைவர். “மாடி கெடச்சா சூப்பரா தெரியும்.”

எண்ணூர்க்காரர்கள் அப்படித்தான் நினைப்பார்கள். வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும்போதெல்லாம் கடலை மூடுவதும், இவர்கள் மாடி ஏறி வேடிக்கை பார்ப்பதும் பழகிப்போன விஷயம். வீட்டு வாசலில் கஸ்தூரியும் துணி காயப்போட்டபடி சிரித்தாள்.

“இன்னாப்பா, ராக்கெட்டுக்கோசரம் இம்மா தூரம் வந்தியா?”

“ராக்கெட்டு இல்லம்மா. ஏவுகணை.”

“ரெண்டும் மேலதான போவுது?”

“அது மேல போனா போனதுதான். இது கீழ வுழணும்னே வுடறது.”

கையிலிருந்த துணி கொடிக்குப் போகவில்லை. “எங்க வுழும்?”

நான் கடல் பக்கம் கையைக் காட்டினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

பேப்பரில் படித்ததையும் சொன்னேன். மீதித் துணியைக் காயப்போட்டுவிட்டுக் கேட்டாள்: “அந்தாண்ட நாட்லயும் மூடிட்டாங்கன்றியே, அங்க கடலுக்குப் போனவன் பொண்டாட்டிக்கு யாருப்பா போய் சொல்லுவாங்க?”

பேப்பரில் அது இல்லை.

ஆழ்கடலில் வாக்கியில் ஆபத்துச் செய்தி கேட்டவர் அடுத்த போட்டுக்குச் சொல்லியே ஆக வேண்டும். அது மீனவர்களின் கட்டுப்பாடு. ஆனால் வேலு போன பக்கம் வேறு ஒரே ஒரு போட்டுதான் போயிருந்தது, கோதண்டத்தின் போட்டு. யார் வலையை யார் அறுத்தது என்று போன வருடம் இருவருக்கும் அடிதடி. அதிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. “அந்தாளு சொல்லுவாரா?” என்று கஸ்தூரி கேட்டுக்கொண்டே இருந்தாள். அன்று இரவு நான் ஊர் திரும்பவில்லை.

வியாழன் சாயங்காலம் போன் அடித்தது.

“மாமா, வந்துகினு கீறோம். இப்பதான் டவர் கெடச்சுது.”

“சேதி எப்டிப்பா தெரிஞ்சுது?”

“கோதண்டம்தான். எங்க வாக்கி ரிப்பேரு. போட்ட பக்கத்துல வுட்டு கத்திட்டுப் போனான்.”

கஸ்தூரி போனைப் பிடுங்கினாள். “ரிப்பேரு வாக்கிய வெச்சிகினு இன்னாத்துக்குயா போன?” என்று அழுதுகொண்டே திட்டினாள். பிறகு மெதுவாக, “அவருகிட்ட பேசிட்டியா அப்போ?” என்றாள்.

“பேசல. சேதி மட்டும் வாங்கிகினேன்.”

எண்ணூர் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். காலை ரயிலில் போனால் வெயிலுக்கு முன் கடற்கரையைப் பார்க்கலாம். அனல்மின் நிலையப் பக்கம் காற்றில் சாம்பல் வரும், கண்ணைத் தேய்க்காதீர்கள். குடிக்கத் தண்ணீர் எடுத்துப் போங்கள். கடல் மூடியிருக்கிறது என்று யாராவது சொன்னால், எதற்கு என்று கேளுங்கள். ராக்கெட் என்றால் மாடிக்கு ஏறலாம். ஏவுகணை என்றால், சொன்னவர் வீட்டு ஆள் கரைக்கு வந்துவிட்டாரா என்று முதலில் கேளுங்கள்.